கூட்ஸ் வண்டி எடுத்த பாடம்

திருச்சிக் கல்லூரி ஒன்றில் நான் பௌதிகம் சொல்லிக்கொடுக்க வந்த புதிது, ஐம்பதுகளின் கடைசி. ஓடுகிற ரயிலின் ஊதல் நம்மை நெருங்கும்போது கீச்சென்றும், தாண்டிப் போனதும் தணிந்தும் கேட்கும் என்பது பாடம். கரும்பலகையில் எழுதிப் போட்டால் பையன்கள் சூத்திரத்தை அப்படியே எழுதிக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள், "நோட்டை மூடுங்கப்பா, வாங்க!" என்று மொத்த வகுப்பையும் ரயில்வே கேட்டுக்கு இழுத்துப் போனேன். மெட்ராஸ் எக்ஸ்பிரஸ் வருகிற நேரம்.

வந்ததோ கூட்ஸ் வண்டி. சிக்னல் கிடைக்காமல் எங்கள் எதிரிலேயே நின்றுகொண்டு, விடாமல் ஊதியது. ஒரே சுருதி. பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். 'இந்தச் சனியன் இப்பவா வந்து நிக்கணும்!' என்று பல்லைக் கடித்தேன்.

அதற்குள் பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே பாய்ந்து வந்தது. எங்களைத் தாண்டிய நொடியில் அந்த ஊதல் சரிந்து இறங்கியது. பச்சைமலையிலிருந்து படிக்க வந்த மாணவன் ஒருவன் துள்ளிக் குதித்தான். "சார், நிக்கிற வண்டிக்கு ஊதல் மாறவே இல்லீங்க! ஓடுற வண்டிக்குத்தான் மாறுது!" எல்லோரும் கத்தினார்கள், நானும் சேர்ந்து கத்தினேன். நிற்கிற வண்டியையும் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

அடுத்த வருஷமும் வகுப்பை அங்கே அழைத்துப் போனேன். தூரத்தில் எக்ஸ்பிரஸ் ஊதத் தொடங்கிவிட்டது. நானோ எதிர்ப்பக்கம் திரும்பி, ஒரு கூட்ஸ் வண்டி வந்து நின்று தொலைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தேன்.