ஞானமுத்து சாரும் பந்தைக் கவ்விய விராலும்

செவ்வாய்க்கிழமை காலை ஞானமுத்து சாரின் மனைவி ரூத் அம்மா போன் செய்தார். "கன்னியப்பா, சார் போயிட்டாருப்பா. தூக்கத்துலயே" என்றார். சேலையூருக்கு பஸ் ஏறியபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நான் கொடுத்த கடிதத்தை சார் படித்தாரா, இல்லையா?

சாரோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் விரால் கதை தெரியும். ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. அதில் ஒரு பொய் இருக்கிறது. அது என்னுடையது.

பீர்க்கன்கரணை ஏரியில் நான் படகு தள்ளிய காலத்தில், தூண்டில் போட வரும் சார் என் படகில்தான் ஏறுவார். ஒருநாள், கனடாவில் இருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது என்று ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு மஞ்சள் பந்து, கைக்குள் அடங்கும் ஒரு திரை. பந்தைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டால், அது அடியில் சத்தம் அனுப்பி, எவ்வளவு ஆழம், எங்கே மீன் என்று திரையில் படம் காட்டும்.

"அங்க ஏரியே ஐஸா உறைஞ்சிடும் கன்னியப்பா. அதுல ஓட்டை போட்டு, இந்தப் பந்தை உள்ள விட்டு, ஸ்டூல்ல உக்காந்து மீன் பிடிக்கிறாங்க."

"இன்னா சார் பேஜாரு? அந்தக் குளுர்ல மீனே வெறச்சிப் போயிருக்கும். கையால பொறுக்கிக்கினு வரலாமே" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

போகப் போக எனக்குச் சிரிப்பு குறைந்தது. தண்ணீரில் எழும் குமிழியைப் பார்த்தே மீன் இருக்கும் இடம் சொல்கிறவன் நான். முன்பெல்லாம் சார் என் முகத்தைப் பார்ப்பார். இப்போது திரையைப் பார்த்தார். ஒருநாள் மதகு ஓரம் படகை நிறுத்தி, "இங்கதான் சார் விரால் கீது" என்றேன்.

"ஒண்ணுமே காட்டலையேப்பா. கொஞ்சம் தள்ளிப் போலாமா?" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவர் குனிந்து புழு கோக்கும்போது, பாசி எடுப்பதுபோல் பந்தை இழுத்து, முடிச்சை அவிழ்த்து, பந்தை மட்டும் தண்ணீரில் விட்டேன். காற்று அதை ஆகாயத்தாமரைக்குள் தள்ளிக்கொண்டு போனது. "சார்! பெரிய விரால் சார்! பந்தக் கவ்விகினு பூட்ச்சு!" என்று கத்தினேன்.

சார் வெறும் கயிற்றை இழுத்து, நுனியை விரலில் உருட்டிப் பார்த்தார். "எவ்ளோ பெரிசுப்பா?" என்றார். கையை விரித்துக் காட்டினேன்.

"அடேயப்பா! மீன் இல்லைன்னு சொன்ன பந்தையே மீன் தின்னுடுச்சா!"

அப்படித்தான் கதை பிறந்தது. மறுநாள் விடிந்ததும் தனியாகப் போய், இடுப்பளவு தண்ணீரில் ஆகாயத்தாமரையை விலக்கி விலக்கித் தேடினேன். கிடைக்கவில்லை. சார் கதை சொல்லும் இடமெல்லாம் விரால் ஒரு சாண் வளர்ந்தது. "சாட்சி இதோ நிக்கிறான், கேளுங்க" என்று என் தோளைப் பிடிப்பார். நான் தலையாட்டுவேன். ஆட்டிவிட்டு, சார் முகத்தைப் பார்க்காமல் தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

சார் படுக்கையில் விழுந்த பிறகு, உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை போனேன். என்னைக் கண்டதும், வந்திருப்பவர்களிடம் அவரே விரால் கதையை ஆரம்பித்துவிடுவார். அப்போதுதான் மருமகளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தேன். நான் எழுதிய முதல் கடிதம் இதுதான்: "சார், விரால் வரவில்லை. நான்தான் அவிழ்த்து விட்டேன். பொறாமை. மன்னித்துவிடுங்கள்." எழுதி முடிக்க நான்கு நாள் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு ஷாமியானாவுக்குள் நான் நுழைந்ததும், ரூத் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அதே தாளை என் கையில் வைத்தார். "நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி படிச்சாரு. இருமல் வர்ற வரைக்கும் ஒரே சிரிப்பு. தாளுக்குப் பின்பக்கம் என்னமோ எழுதி, கன்னியப்பன் கிட்ட குடுன்னாரு."

திருப்பினேன். நடுங்கிய கையெழுத்து. எழுத்துக் கூட்டி, உதடு அசைத்துப் படித்தேன்.

"கன்னியப்பா, விரால் கடிக்கும். முடிச்சு அவிழ்க்காது. அன்றைக்கே தெரியும். மன்னிப்பும் அன்றைக்கே ஆயிற்று. இனி முழுக் கதையையும் நீயே சொல்லு."

கீழே ஒரு மீன் வரைந்திருந்தார், அந்தத் திரையில் வருமே, அதே மாதிரி. அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. மூச்சும் நன்றாக வந்தது. அழுதுகொண்டே சிரித்ததை அங்கே சிலர் தப்பாக நினைத்திருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதினேன். சார் சொன்னபடி முழுக் கதையையும் சொல்லிவிட்டேன்.

அந்தத் திரையையும் ரூத் அம்மா என்னிடமே கொடுத்துவிட்டார். பந்து இல்லாமல் அது எதையும் காட்டாது. தாளைத்தான் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அதில் மீன் இருக்கிறது.