கொடியில் காய்ந்த சட்டை

லீமா நகரத்துக்கு மேலே உள்ள மணல்குன்றுகளில் மனை பிடிக்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பட்டா வரும்வரை மனையில் ஆள் குடியிருக்க வேண்டும். குன்றுச் சங்கத்தார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். அடுப்பில் சூடு இருக்கிறதா, கொடியில் ஈரத்துணி தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று தடவை காலியாகக் கிடந்தால் மனை கைமாறிவிடும். சட்டம் போட்ட புண்ணியவான்கள் எல்லாருக்கும் வீட்டில் பெண்டாட்டி இருந்தாள். வேலைக்குப் போகிறவளும் அடுப்பு மூட்டுகிறவளும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வாள் என்று அவர்கள் யோசிக்கவே இல்லை.

செனாய்தா அந்த ஒரே ஆள். மகள் லிஸ்பெத் வயிற்றில் இருக்கும்போதே புருஷன் சுரங்க வேலைக்கென்று போனவன், அங்கேயே வேறு குடும்பம் கண்டுகொண்டான். பலகையும் தகரமும் சுமந்து ஏற்றி வீட்டை எழுப்பியவள் இவள்தான். ஞாயிறுதோறும் பாதை போடும் பொதுவேலையில் ஆண்களோடு கல் சுமந்தவளும் இவள்தான். அப்படியும், ஆம்பிளை இல்லாத வீடு எத்தனை நாள் நிற்கும் என்று கூட்டத்தில் சிரித்தவர்கள் உண்டு.

சந்தையில் உருளைக்கிழங்கு விற்று அரை வயிறுதான் நிறைந்தது. மகளைப் பள்ளியில் சேர்த்த வருடம், கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் தங்கி வேலை செய்யக் கூப்பிட்டார்கள். சம்பளம் பரவாயில்லை. ஆனால் குழந்தையைக் கூட்டி வரக் கூடாது, ஞாயிறு மட்டும்தான் விடுப்பு.

அப்போது கைகொடுத்தவள் பக்கத்து வீட்டு ஒப்துலியா. லிஸ்பெத்துக்கு முதல் முடி எடுத்தபோது முதல் கற்றையை வெட்டி, வழக்கப்படி தன்னிடம் வைத்துக்கொண்டவள் அவள். மலைநாட்டுச் சனங்களுக்கு அது லேசுப்பட்ட உறவில்லை. வெட்டியவள் குழந்தைக்கு ஞானத்தாய், பெற்றவளுக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவளோடு சண்டை போடலாம், கொமாத்ரேயிடம் முகம் சுளிக்கக்கூடாது.

"நீ போயிட்டு வா, கொமாத்ரே. புள்ளை எங்கிட்ட படுத்துக்கட்டும். காலைல உன் அடுப்பை மூட்டி, ரெண்டு துணியை நனைச்சு உன் கொடியில போட்டுட்டா எவன் கேக்கப் போறான்?"

செனாய்தா சாவியைக் கொடுத்தாள். கொமாத்ரேயிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

எட்டு மாதம் ஞாயிறுதோறும் ரொட்டியும் எண்ணெயுமாகக் குன்றேறி வந்தாள். தன் கொடியில் துணி ஆடுவதைக் கீழேயிருந்து பார்த்ததும் வயிற்றில் பால் வார்த்தது போலிருக்கும்.

ஒன்பதாம் மாதமும் துணி ஆடியது. கிட்டே போனால் அது ஆண்பிள்ளைச் சட்டை. பக்கத்தில் கைக்குழந்தைத் துணிகள். வாசலில் நின்ற ஒப்துலியாவின் மருமகள் இவளைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சங்கச் செயலாளர் ஃபவுஸ்தினோவிடம் ஓடினாள். மூன்று தடவையும் அடுப்பு சில்லிட்டுக் கிடந்ததாம், கொடி வெறுங்கொடியாம். புதன்கிழமைக் கூட்டத்தில் ஒப்துலியாவே எழுந்து, அந்த வீட்டில் யாரும் இல்லை, மனையை என் மகன் எல்மெருக்குக் கொடுங்கள் என்றாளாம். சந்தேகப்பட்டவர்களுக்காகக் குழந்தையை நாற்காலிமேல் ஏற்றிக் கேட்டார்களாம்.

"ராத்திரி நீ எங்க தூங்குவேன்னு கேட்டோம். ஞானம்மா வீட்லன்னு சொல்லுச்சு. புள்ளை பொய் சொல்லுமா?"

பிள்ளை பொய் சொல்லவில்லை. பாவி, என் பிள்ளை வாயாலேயே என் வீட்டைப் பிடுங்கினாளே என்று செனாய்தாவுக்கு நெஞ்சு எரிந்தது. உபகாரம் என்று ஏற்றுக்கொண்டதே சாட்சியாகி நின்றது. துணி காய்ந்ததெல்லாம் தான் வருகிற ஞாயிறுகளில் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்தபோது ஒப்துலியா தன் வீட்டில் ஒன்றும் நடக்காதது போல லிஸ்பெத்துக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எல்மெருக்கும் புள்ளை பொறந்துடுச்சு, கொமாத்ரே. உனக்கென்ன, மாடி வீட்ல ரூம் இருக்கு."

"எம்புள்ளை முடியைக் குடு," என்றாள் செனாய்தா.

ஒப்துலியாவின் கை நின்றது. உள்ளே போய் ஒரு கொக்கோ டப்பாவோடு வந்தாள். சிவப்பு நாடா கட்டிய கற்றை ஒரு இழைகூடக் கலையாமல் இருந்தது. ஆறு வருடம் இதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறாள்.

டப்பாவை மூட்டைக்குள் போட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குன்றுப் படிகளில் இறங்கினாள். குழந்தை கூடாத பெரிய வீட்டில் திங்கள் காலை ஆறு மணிக்கு நிற்க வேண்டும். பாதிப் படியில் லிஸ்பெத் நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு ராத்திரி எங்க தூங்குவேன்னு யாராச்சும் கேட்டா, நான் என்ன சொல்லணும்?"