குண்டுதோப்பின் கிழக்கு ஓரம்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. கார்மெண்ட்ஸில் செக்கிங் டேபிள் முன்னால் நின்றுகொண்டே வருஷக்கணக்காகச் சட்டைகளைப் புரட்டிப் பார்க்கிறவள் நான். ஒரு நூல் பிசிறு கண்ணில் பட்டால் விடமாட்டேன், தைத்தவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடுத்த சட்டையைத் தொடுவேன். வீட்டிலும் அப்படித்தான். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்பார் என் வீட்டுக்காரர். அவர் எங்கள் ஊர் பஞ்சாயத்து வாட்டர்மேன். விடிகாலையில் நீளமான இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தண்ணீர் வால்வைத் திறப்பார், அப்புறம் போய் மூடுவார். நடுவில் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு அதிகம்.

ஓசூர் எல்லையைத் தாண்டி, சந்தாபுராவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் கன்னடம், சண்டை மட்டும் எல்லோருக்கும் இரண்டிலும் வரும். ஊர்க்கடைசியில் சுடுகாடு. பெயர்தான் சுடுகாடு, நாங்கள் புதைக்கிறவர்கள். அதை ஒட்டி குண்டுதோப்பு. ஊருக்கென்று சர்க்கார் விட்டுவைத்த தோப்பை இங்கே அப்படித்தான் சொல்வோம். புங்கமரமும் புளியமரமும் நிற்கும். யாரும் வெட்டக் கூடாது, விற்கக் கூடாது.

அந்தத் தோப்பின் கிழக்கு ஓரத்தில்தான் குழந்தைகளைப் புதைப்பது வழக்கம். பெரியவர்களுக்குச் செங்கல் கட்டிப் பெயர் எழுதுவார்கள். குழந்தைக்கு ஒன்றும் கிடையாது. மண்ணைத் தள்ளி, மேலே முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். புதைக்கும்போது பெண்கள் போகக் கூடாது. எந்த இடம் என்று பெற்றவளிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் அவள் போய் நிற்பாளாம், அடுத்தது தங்காதாம்.

என் முதல் பெண் பதினோரு நாள் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் என் வீட்டுக்காரர் அவளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பி வந்தவரிடம், "எங்க வெச்ச?" என்று கேட்டேன். "தோப்புல" என்றார். "தோப்புல எங்க?" என்றேன். "கேக்காத மே" என்றார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பையன் பிறந்தான். அவன் இப்போது வேலைக்குப் போகிறான்.

பெண்ணைப் புதைத்த அந்த வாரமே வேறொன்றும் நடந்தது. கொல்லையில் கிடந்த துணி துவைக்கிற கல் காணாமல் போயிற்று. அடுப்புக்குக் கல் நகர்த்தும்போது நான் கடப்பாரையைத் தவறவிட்டதில் அந்தத் துவைக்கிற கல்லின் ஒரு மூலை முன்பே பெயர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அப்போதுதான் கொல்லையில் புதுக் கல் போட்டிருந்தாள். எனக்கு யார் மேலாவது பாய வேண்டியிருந்தது. நேரே போய், "என் கல்ல தூக்கினு போய் மூலைய செதுக்கிப் போட்டுக்கினியா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைவிட வாய்க்காரி. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்தது.

போன வருஷம் தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு லேஅவுட் போட்டார்கள். வீட்டுமனை சைட்டுகளெல்லாம் போர்டு வைத்தபடி ரெடி, ஆனால் மெயின் ரோட்டுக்கு வர நேரான வழி இல்லை. நேர்வழி வேண்டுமென்றால் எங்கள் தோப்பின் கிழக்கு ஓரத்தை எடுக்க வேண்டும். விஷயம் காதில் விழுந்ததுமே நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே போய் நின்றேன். லேஅவுட் சூப்பர்வைசர் ஓசூர்ப் பக்கத்து ஆள், சிரித்த முகம். "அக்கா, சுடுகாடு தனியா கீது, அத யாரும் தொடல. இது வெறும் காடு. ஒரே உன்னிச்செடி. இங்க எவன் பொதச்சான்? காட்டுங்க பாப்போம்" என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. வெறும் காடா? நம் இடத்தை நாம் பார்த்துக்கொள்ளாததால்தானே கண்டவனும் காடு என்கிறான்? ஊரில் வீடு வீடாகப் போய்க் கத்தினேன். சுத்தம் செய்வோம், வேலி போடுவோம், போர்டு வைப்போம் என்றேன். இதைக் கேட்ட அந்தச் சூப்பர்வைசர், "நல்ல காரியம்க்கா. நம்ம ஜேசிபிய அனுப்பறேன், எடுத்துக்கோங்க" என்றான். நானும் எடுத்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்தது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நானே முன்னால் நின்று கை காட்டினேன். இங்கே வா, அங்கே தள்ளு என்று ஒரே அதிகாரம். உன்னிச்செடியெல்லாம் வேரோடு பெயர்ந்து வந்தது. நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு புதருக்கு முன்னால் போய்க் குந்திக்கொண்டார். பீடியைப் பற்றவைத்தார்.

"இன்னாய்யா, ஊரே வேல செய்யுது, நீ நட்ட நடுவுல குந்திக்கினு கீற? எழுந்துரு" என்றேன்.

"ஸ்வல்ப நேரம் குந்திக்கறேன். நீ வேற எடம் பாரு."

"வண்டி நிக்குதுய்யா!"

"சுத்திக்கினு போவட்டும்."

எத்தனை கத்தியும் மனுஷன் அசையவில்லை. டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியை வளைத்து ஓட்டினான். வேலை முடிந்தபோது மொத்த ஓரமும் மழமழவென்று கிடந்தது, அந்த ஒரு புதர் மட்டும் நடுவில் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தட்டை டங்கென்று வைத்தேன்.

மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், சமமாகக் கிடந்த மண்ணின் மேல் சுண்ணாம்புக் கோடு. இரண்டு பக்கமும் கயிறு. ரோடு அளந்திருந்தார்கள். லேசாக மேடு தட்டியிருந்த இடங்கள், முள் மட்கிய இடங்கள், எல்லாம் போயிருந்தன. அடையாளம் என்று கொஞ்சநஞ்சம் இருந்ததையும் நானே நின்று அழித்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் புளியமரத்தைப் பார்த்து, "அவன் வண்டியவே கூப்புட்டு அவனுக்கே ரோடு போட்டுக் குட்த்துட்டா மகராசி" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆனேக்கல் தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தேன். மனு கொடுத்தேன், மனு எங்கே என்று கேட்க மறுபடி போனேன். பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள், அவளுடைய பையனும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறான். ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பெஞ்சில் காத்திருப்போம், பேச மாட்டோம். கண்டக்டரிடம் அவளுக்கும் சேர்த்து நான் டிக்கெட் கேட்பேன், அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கார்மெண்ட்ஸில் பட்டன் இல்லாத சட்டையை பாஸ் செய்து அனுப்பிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினேன். காலையும் மாலையும் தோப்புக்கு ஓடிப் போய்க் கயிறு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். எங்கேயோ என் குழந்தை இருக்கிறாள், எந்த அடியில் என்று தெரியாமல் எங்கே கால் வைப்பது? ஓரமாகவே நடந்து ஓரமாகவே திரும்புவேன்.

கடைசியில் சர்வேயர் வந்தார். சின்ன வயசுப் பெண், கன்னடக்காரர், கையில் வரைபடம். சுடுகாட்டை அளந்தார், சரியாக இருந்தது. கிழக்கு ஓரத்துக்கு வந்தார். குழந்தைகளைப் புதைத்த இடம் என்று மனுவில் இருக்கிறது, வரைபடத்தில் இல்லை என்றார். அப்புறம் எங்களைப் பார்த்து, "எல்லி? தோர்ஸி" என்றார். எங்கே, காட்டுங்கள்.

பெற்ற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் முன்னால் நின்றோம். ஒருத்திக்கும் தெரியாது. எங்களை யார் அழைத்துப் போனார்கள், தெரிவதற்கு? பக்கத்து வீட்டுக்காரி பொதுவாகக் கையை வீசி, "இங்கதாம்மா, இந்தப் பக்கமெல்லாம்" என்றாள். சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தான். சர்வேயர் பாவம், அவருக்கும் சங்கடம். ஓர் இடத்தையாவது காட்டினால்தான் எழுத முடியும் என்றார். ஆண்களெல்லாம் பின்னால், புளியமரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கும்பலிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். வால்வுச் சாவி தோளில் இருந்தது. நேரே அந்தப் புதருக்குப் போய், சாவியால் செடியை ஒரு பக்கமாக வளைத்து அமுக்கிப் பிடித்தார்.

அடியில் என் துவைக்கிற கல் கிடந்தது. மூலை பெயர்ந்த கல்.

நான் அதைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் சர்வேயரிடம் கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார், என் மகள், பதினோரு நாள், தலை வடக்கே என்று. அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாயி தோண்டிடும்னு பயமா இருந்துச்சி. முள்ளு பத்தாதுன்னு தோணிச்சி. அதான் சைக்கிள்ல வெச்சி எடுத்தாந்தேன்" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். தினமும் விடிகாலையில் அவர் திறக்கப் போகும் வால்வு அந்தப் புதரிலிருந்து இருபது அடியில் இருக்கிறது. நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

இன்னொருவர் புளியமரத்தை விட்டு வந்தார். புங்கமரத்திலிருந்து காலடி எண்ணி நடந்து, ஓர் இடத்தில் நின்று, செருப்பைக் கழற்றினார். அப்புறம் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் கயிற்றைத் தாண்டிப் போய், சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே நின்று, "இங்க. என் பையன்" என்றார். அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஆண்கள் வரிசையில்லாமல் அங்கங்கே நின்றார்கள், ரோடு போகிற வழி முழுக்க. சூப்பர்வைசர் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு தள்ளிப் போனான்.

ஒவ்வொருவர் நின்ற இடத்திலும் சர்வேயர் மஞ்சள் கொடி ஊன்றச் சொன்னார். நேரில் பார்த்ததை மகஜராக எழுதினார். தாசில்தார் முடிவு சொல்லும்வரை இங்கே மண்ணைத் தொடக் கூடாது என்றார். முடிவு எப்போது வரும், எப்படி வரும், யாருக்குத் தெரியும்? மறுபடி ஆனேக்கலுக்கு நடக்க வேண்டியதுதான்.

"ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன். "இருவத்தாறு வருசம்!"

"சொன்னா நீ இங்கியே வந்து குந்திக்குவ."

ஆமாம், குந்தியிருப்பேன். கோபம் கோபமாக வந்தது, அவரை அடிக்கக்கூட வேண்டும்போல இருந்தது. அடிக்கவில்லை. அவர் புதரைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெயர்ந்த மூலையைத் தடவிப் பார்த்தேன். மழையில் நனைந்து நனைந்து அது வழவழப்பாகியிருந்தது.

"ஏண்டி!" என்று பின்னாலிருந்து சத்தம். பக்கத்து வீட்டுக்காரிதான், முகமெல்லாம் ஈரமாக. "திருட்டுப் பட்டம் கட்டுனல்ல, அத அப்பறம் வெச்சிக்கறேன். கையெழுத்துக்கு அந்தம்மா கூப்புடுது, எழுந்து வா."

"இரு, வரேன்" என்றேன்.

எழுந்திருக்கவில்லை.