ராணி காத்திருந்த வார்த்தை

தேவ பிள்ளைகளே, உங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று ஒரு நாள் நான் ஜெபித்தேன். சிரிக்காதீர்கள். அழுதுகொண்டுதான் ஜெபித்தேன்.

தெலுக் இந்தான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் எருமை வண்டி ஓட்டுகிறேன். வெட்டிய குலைகளைச் சாலை வரை இழுப்பவள் என் எருமை ராணி. ஒவ்வொரு முறை வண்டி நிறைந்ததும் "ஸ்தோத்திரம்" என்பேன். கேட்டுக் கேட்டு ராணிக்கு அதுவே கட்டளையாகிவிட்டது. அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், நடந்துவிடுவாள்.

போன மழைக்காலத்தில் கால்வாய் ஓரம் மண் சரிந்தது. நான் சேற்றில் விழுந்தேன். பாரம் ஏற்றிய வண்டியின் சக்கரம் என் தொடைமேல் ஏறி நின்றது. வண்டி பின்னால் போனால் பிழைப்பேன். ராணி முன்னால் ஓர் அடி வைத்தால் என் வயிறு நசுங்கும். வலியில் வழக்கம்போல் "ஸ்தோ..." என்று வாய் திறந்தேன். ராணி காலைத் தூக்கினாள். ஐயோ! உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

கைப்பேசி வண்டியில் இருந்தது. கத்தினால் ராணி மிரளுவாள். என் மனைவி எஸ்தர் தேத்தண்ணீர் கொண்டுவரும் நேரம் வேறு. தூரத்தில் என்னைப் பார்த்ததுமே "ஸ்தோத்திரம்" என்று கூப்பிடுவது அவள் பழக்கம். 'ஆண்டவரே, எஸ்தர் வேண்டாம், எங்கள் சபையார் யாரும் வேண்டாம். அந்த வார்த்தை சொல்லாத ஒருவரை அனுப்பும்.' மனசுக்குள்ளேயே கெஞ்சினேன். மழை பிடித்தது. தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. செத்தேன் என்றே நினைத்தேன். ராணியின் கண்ணோரம் ஈக்கள் மொய்த்தன. அவள் அசையவில்லை.

குலை வெட்டும் முனியாண்டி அண்ணன் அந்த வழியாக வந்தார். முருக பக்தர்.

"அட முருகா! என்னா தம்பி இது?"

"மெதுவாண்ணே. மூக்கணாங்கயித்தப் புடிச்சி அவள பின்னால தள்ளுங்க."

தள்ளினார். சக்கரம் இறங்கியது. என்னைக் கரையில் இழுத்துப் போட்டார்.

"பொழச்சிக்கிட்ட லா. ஒங்க சாமிக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லு."

அவ்வளவுதான். ராணி வண்டியோடு நடந்துவிட்டாள்.

"அலாமாக்! இதுவும் ஒங்க சபைதானா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதே வார்த்தையை அவர் சற்று முன்னால் சொல்லியிருந்தால் இன்று நான் உங்கள் முன்னால் நின்றிருக்க மாட்டேன். அதை அவர் நாவில் தடுத்து வைத்தவர் என் இயேசப்பா.

காலை இன்னும் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறேன். ஆனால் காத்திருக்கப் பழகிவிட்டேன். ஈ கடித்தாலும் வார்த்தை வரும்வரை அந்த வாயில்லா ஜீவன் நின்றதே, எனக்கு என்ன அவசரம்? வாய்விட்டு அழவும் முடியாத இடத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கலாம். அவரை நம்புங்கள். மூடிய வாயின் ஜெபமும் அவருக்குக் கேட்கிறது.

இப்போது எல்லோரும் சேர்ந்து சொல்லுவோம். ராணி இங்கே இல்லை, பயமில்லாமல் சத்தமாகவே சொல்லலாம். ஸ்தோத்திரம்!