‘ச’வுக்குப் பயந்த பாப்பாக்கா

டப்பிங் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவர் ‘பாப்பாக்கா’. வயது அறுபத்திரண்டு. கார்ட்டூன் தொடர் ஒன்றில் ஆறு வயதுச் சிறுமிக்குப் பதினெட்டு வருடமாகக் குரல் கொடுப்பவர்.

ஒரு நாள் பல் தேய்க்கும்போது முன்பல் ஆடியது.

“எலும்பு கரைஞ்சிருக்கும்மா. மூணு பல்லை எடுத்துடணும்” என்றார் பல் டாக்டர்.

பாப்பாக்காவுக்குக் குரல்தான் நினைவுக்கு வந்தது. பல் போனால் காற்று ஒழுகும். ‘ச’ சீழ்க்கையடிக்கும். “யோசிச்சு சொல்றேன்” என்று எழுந்து வந்துவிட்டார்.

கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கினார். தும்மல் வந்தாலே திகில். ஆடும் பல்லிலேயே ‘ச’ பிசிறியதால், வசனத் தாள் வந்ததும் அது வரும் இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, வேறு சொல் தேடினார். “சரி” என்பது “ம்ம்” ஆனது. “சாக்லெட்” மிட்டாயானது.

“இப்பதான்க்கா நிஜக் குழந்தை மாதிரி பேசுது!” என்று இயக்குநர் குதித்தார். அவர் புகழப் புகழப் பாப்பாக்கா அடுத்த பக்கத்தில் ‘ச’ தேடினார்.

கண்டுபிடித்தவர் சவுண்ட் இன்ஜினியர். “அக்கா, வாயில என்ன? ரெண்டு வாரமா கிளிக் கிளிக்குனு கேக்குது.”

“இருமல் மாத்திரைப்பா.”

அடுத்த டேக்கில் சிறுமி ஓவென்று அழ வேண்டும். வாயை முழுதாகத் திறந்தார். பல் கழன்று நாக்கில் விழுந்தது. மைக் ஓடுவதையும் மறந்து, சொந்தக் குரலில், “போச்சு, எல்லாம் போச்சு” என்றார்.

இயக்குநர் ஓடி வந்தார். “ஆறு வயசுல பல்லு விழாதா? நம்ம பொண்ணுக்கும் விழட்டும்க்கா. ஆறு எபிசோட் அப்படியே ஓட்டிடலாம்.”

“அப்புறம்?”

“அப்புறம் முளைச்சிடும்ல...” சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆறு எபிசோடுகள் பொக்கை வாயோடு ஓடின. அதற்குள் மற்ற இரண்டையும் எடுத்து, பல்செட் கட்டியாயிற்று. தினமும் கணவரை எதிரே உட்கார்த்திப் பேசிப் பார்த்தார்.

“விசில் வருதா?”

“லேசா.”

“லேசான்னா எவ்வளவு?”

“ஏன்மா என்னையும் சேர்த்துப் பயமுறுத்துற?”

ஏழாவது எபிசோட். இரண்டு டேக் சீழ்க்கையடித்தது. மூன்றாவதில் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தினார். பாப்பாக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே வரும்போது இயக்குநர் போனில் பேசுவது காதில் விழுந்தது. “சின்னப் பொண்ணு வாய்ஸ் யாராச்சும் இருந்தா அனுப்புங்க. கேட்டு வெச்சுக்கலாம்.”

கேட்காதவர்போல் கடந்து போய்ச் செருப்பை மாட்டினார். அடுத்த வாரம் பத்து மணி ரெக்கார்டிங்குக்கு ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.