முதலை பார்க்க வந்த மாமா

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அந்தமானில் ஹட் பேயிலிருந்த எங்கள் வீட்டுக்கு அம்மாவின் தம்பி திருநெல்வேலியிலிருந்து வந்தார். முதலையைப் படம் பிடிப்பதுதான் அவருடைய திட்டம். பொழுது சாயும் நேரத்தில் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனுமாக ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

எங்களோடு இருந்த, அப்பாவின் அக்காவான அத்தைக்கு, காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி மலேரியா சோதனைக்கு ரத்தம் எடுக்கும் வேலை. முழுக்கைச் சட்டையும் கொசு மருந்துமாக மாமாவின் பின்னாலேயே போவாள்.

"முதலைக்கே பயப்படல, கொசுவுக்கா பயப்படணும் மதினி?" என்பார் மாமா. மூன்று மாலை அப்படியே போயின. முதலை வரவில்லை.

மாமா ஊருக்குக் கப்பலேறும்போது அத்தை படகுத்துறையிலிருந்து கத்தினாள். "மெயின்லேண்ட் போய் காய்ச்சல் அடிச்சா, டாக்டர்கிட்ட முதல்ல அந்தமான் ஜங்கிள்ல இருந்தேன்னு சொல்லணும் தம்பி!" மாமா சிரித்துக் கையாட்டினார்.

பத்து நாளில் செய்தி வந்தது. மாமாவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். கட்டிலே ஆடுகிற நடுக்கம். அந்தமான் போனதை அவர் டாக்டரிடம் சொல்லவேயில்லை. ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள்; காய்ச்சல் இறங்காமல் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் படகுத்துறைக்கு நடந்தாள். லைன் அறுந்துகொண்டே இருந்தது. அவளும் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் இருந்த மாமா எடுத்தார்.

"வைரஸ் காய்ச்சல்ங்கிறாங்க மதினி..."

"போனை டாக்டர்கிட்ட குடுங்க தம்பி."

டாக்டரின் எரிச்சல் எனக்கே கேட்டது. "நீங்க டாக்டராம்மா?"

"இல்ல சார், ரத்தம் எடுக்கிறவ. இவர் மூணு நாள் எங்க காட்டோரம் கொசுக்கடியில உக்காந்திருந்தார். மலேரியாவான்னு ஒரு சொட்டு ரத்தம் பாருங்க. பாக்கிற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

நாங்கள் படகுத்துறையிலேயே உட்கார்ந்திருந்தோம். பசிக்கிறது என்றேன், பிஸ்கட் வாங்கிக் கொடுத்தாளே தவிர வீட்டுக்குக் கிளம்பவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து போன் அடித்தது. மலேரியாதான். அதிலும் மூளைக்கு ஏறும் வகை.

அத்தை இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, என்ன காய்ச்சல்னு கிடைச்சிருச்சு!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

நான் அவள் கையை உதறினேன். மாமாவுக்கு இவ்வளவு பெரிய நோய், இவள் சிரிக்கிறாளே! மாமா மாத்திரை சாப்பிட்டு எழுந்து உட்கார்ந்த பிறகும் இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. இன்னதென்று தெரிந்துவிட்ட காய்ச்சலுக்குத்தான் மருந்து கொடுக்க முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அத்தை அதைச் சொல்லவும் இல்லை. போன் வந்த மறுநாள் காலையிலேயே ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.