ஒரு சொட்டு இறங்காது

கரகோலில் எங்கள் அண்ணி ஜூரகான் பத்தொன்பது வருஷமாக மலையேறிகளுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறாள். "ஒரு சொட்டு இறங்காது" என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்வாள். ஆனால் ஒரு ராத்திரிகூட அவள் கூடாரத்தில் படுத்ததில்லை.

போன வாரம் முதன்முறையாக என்னோடு மலைமேல் ஏரிக்கு வந்து கூடாரத்தில் தங்குவதாக இருந்தாள். அதற்கு முந்தின நாள் கடையிலேயே மிகப் பழைய கூடாரமாகப் பொறுக்கி எடுத்து, முற்றத்தில் அடித்து, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள். அண்ணன் சகின்பாய் அதன்மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான்.

"என்ன மகாராணி, நனைஞ்சாச்சா?"

"வாய மூடிக்கிட்டு ஊத்துய்யா!"

ஏழாவது வாளியும் காலியானது. உள்ளே விசும்பல் கேட்டது.

"என்னடி, ஒழுகுதா?"

"ஒழுகலய்யா! இத்தன வருஷமா நான் பொய் சொல்லலய்யா!"